நோன்பு மாதத்துக் கொடுவாக்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிண்ணியாவில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். கலியாணம் பேசி வந்தபோதே வாப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லிவிட்டார், பிறகு குறை சொல்லக் கூடாது என்று. ஆகவே 'மீன் மலம் பொறுக்குகிறவள்' என்று யாராவது என்னைப் பகிடி பண்ணினால் நான் சும்மா விடமாட்டேன். அவரை நிறுத்திவைத்து முழுவதையும் விளங்கப்படுத்துவேன். ஒருமுறை கேட்டவர்கள் அடுத்த முறை என்னைக் கண்டால் ஒழுங்கையின் மற்றப் பக்கத்தால் போவார்கள்.

விளக்கம் இதுதான். கடலுக்குள் கூடு கட்டி வளர்க்கிற கொடுவா மீனுக்கு நாங்கள் தீவனம் போடுகிறோம். மீன் எவ்வளவு தின்றது என்பது நிறுத்துப் பார்த்தால் தெரியும். தின்றதில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது, எவ்வளவு வீணாய்ப் போனது என்பது மலத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் தண்ணீருக்குள் இருக்கிற ஒரு பிராணியின் மலம் முழுவதையும் யாராலும் சேர்த்தெடுக்க முடியாது, பாதி கரைந்துபோய்விடும். அதற்காக, தீவனத்தைக் குழைக்கும்போதே ஒரு பச்சைத் தூளைச் சிறிதளவு கலப்போம். மீனின் குடல் அந்தத் தூளைத் தொடாது, போனபடியே வெளியில் வந்துவிடும். தீவனத்தில் உள்ள சத்தை மீன் எடுக்க எடுக்க, மிஞ்சுவதில் பச்சை கூடிக்கொண்டு போகும். கஞ்சி வற்ற வற்ற உப்பு ஏறுகிறதே, அதே மாதிரி. கொஞ்ச மலம் கிடைத்தாலே போதும். தீவனத்தில் பச்சை எவ்வளவு, மலத்தில் பச்சை எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் பார்த்து, மீன் எவ்வளவு செமித்தது என்று சொல்லிவிடலாம்.

நான் பார்க்க நினைத்தது எள்ளுப் புண்ணாக்கை. கொடுவா இறைச்சி தின்கிற மீன், அதன் தீவனத்துக்கு மீன் தூள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கள் மாவட்டத்தில் காடு வெட்டிப் பயிரிடும் சேனைகளில் எள் விளைகிறது. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கை மாடு தின்கிறது. மீன் தூளில் ஒரு பங்கைக் குறைத்து இதைச் சேர்த்தால் கொடுவாவின் வயிறு ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் என் மேற்படிப்பின் கேள்வி. பல்கலைக்கழகம் அதற்குத் தந்த காலம் ஏற்கனவே ஒருமுறை நீட்டப்பட்டிருந்தது.

முதல் முயற்சியை மாரி கெடுத்தது. ஆற்று வெள்ளம் குடாவுக்குள் இறங்கி, தண்ணீர் கலங்கி, உப்புக் குறைந்து, மீன்கள் தீவனத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மழை விட்டபின், கடலில் மீன்கூடு வைத்திருக்கும் பண்ணைக்காரர் கரையில் இருந்த தன் தொட்டிக் கொட்டிலை இன்னொரு முறை தந்தார். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு குஞ்சு மீன்கள் வந்து இறங்கும், அதற்குள் தொட்டிகளைக் காலியாக்கித் தர வேண்டும் என்றார். பரிசோதனைக்குப் பல்கலைக்கழகம் தந்த காலமும் அதோடு முடிகிறது. போதாததற்கு நான் பிள்ளைத்தாய்ச்சி. இப்போது நர்சரிக்குப் போகிற, மீன் கறியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற என் மகள்தான் அப்போது வயிற்றில் இருந்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தியை யார் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் விடுவார்கள்? அந்த நோன்பு மாதத்துக்குள் முடிந்தால் முடிந்தது. இல்லையென்றால் என் இத்தனை வருடப் படிப்பையும் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

மகளுக்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் வேலை, முறை வைத்துப் போவார். வாளி தூக்க ஆள் பிடிக்கலாமா என்று நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தபோது குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"வாளி தூக்கிறதெண்டா நான் தூக்கிறன். மகள் கதிரையில இருந்து சொல்லட்டும்."

"உம்மா, அது மீன் பீ அள்ளுற வேல" என்றார் என் கணவர்.

"உன்ட பீயையும் நான்தான் அள்ளினன்" என்றார் மாமி. அதோடு அந்தக் கதை முடிந்தது.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா இளவயதில் மௌத்தானவர். விதவையான மாமி பிள்ளைகளை ஆளாக்கியது சமைத்துத்தான். கலியாண வீடுகளுக்குப் புரியாணி, மற்ற நாட்களில் கடைகளுக்கு அப்பம், இடியப்பம். அதனாலோ என்னவோ, ஒருவர் பசித்திருப்பதை அவருக்குப் பார்க்க முடியாது. மின்சாரப் பட்டியல் கொண்டு வருகிற பொடியனாக இருந்தாலும் ஏதாவது வாயில் போடாமல் படலையைத் தாண்ட முடியாது. காகத்துக்கும் பூனைக்கும் பங்கு உண்டு. எனக்குத் தலையிடி என்றாலும் கால் சுளுக்கு என்றாலும் அவர் முதலில் கேட்பது, என்ன சாப்பிட்டீங்க என்பதுதான். ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. என் உம்மா மௌத்தான பிறகு அப்படிக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

கொட்டில் பாலம் தாண்டி, குடாவின் ஓரத்தில், சீனன்குடாப் பக்கமாக இருந்தது. தகரக் கூரை, இரண்டு பக்கமும் வலை, உள்ளே வரிசையாக நீல நிற வட்டத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் சாய்வாக ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு போத்தல். மீன் கழிக்கிறது சுழல்கிற தண்ணீரோடு போய் அந்தப் போத்தலில் அடையும். பின்னேரம் தீவனம் போட்டு, மிச்சம் மீதியைத் துடைத்தெடுத்து, போத்தலைக் கழுவி மாட்டிவிட்டு வந்தால், விடிய சுபஹுக்குப் பிறகு போய் அடைந்திருப்பதை எடுத்துக் குளிரூட்டியில் உறைய வைக்க வேண்டும். இதைவிடக் கடினமான பகுதி அதற்கு முன்னால் இருந்தது. ஒரு கிழமைக்குக் குறையாமல் பச்சைத் தீவனத்தை மட்டும் கொடுத்து, குடலில் இருக்கும் பழையது எல்லாம் போக விட வேண்டும். அதன் பிறகு வருவதுதான் கணக்கு.

முதல் நாள் மாமி முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் மூக்கை மறந்துபோனார். அதற்குப் பிறகு மீன்களோடு கதைக்கத் தொடங்கினார். நான் நிறுத்துக் கொடுக்கிற தீவனத்தை பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொட்டிக்குள் போடுவார். ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற ஒரு கொடுவாவுக்கு 'பெரிய மனிசன்' என்று பட்டம் வைத்தார். மற்றதுகள் அடிபட்டுத் தின்னும்போது அது பின்னால் நின்று பார்க்குமாம். அதற்கும் ஒரு வாய் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைக் கீழே வைப்பார்.

தீவனம் காலையிலும் பின்னேரம் அஸருக்குப் பிறகும். நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகு தொட்டி துடைத்து முடிக்கப் பொழுது சாய்ந்து மகரிபு நெருங்கிவிடும். எங்களை ஏற்றுகிற ஆட்டோக்காரத் தம்பியும் நோன்பு திறந்துவிட்டுத்தான் வருவார். ஆகவே மாமி கொட்டிலிலேயே நோன்பு திறந்தார். எனக்கு நோன்பு இல்லை, டாக்டரும் மாமியும் சேர்ந்து அதைத் தடுத்திருந்தார்கள். மாமி கதிரையில் சேலைத் தலைப்பை இழுத்து மூடி உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு அப்பாலிருந்து வருகிற பாங்குக்குக் காத்திருப்பார். பக்கத்தில் வாளியில் நோன்புக் கஞ்சி, பிளாஸ்ரிக் பெட்டியில் மீன் கட்லட். அந்த நேரம் நான் வெளியில் முகம் கைகால் கழுவிக்கொண்டிருப்பேன்.

பழைய தீவனம் எல்லாம் போயிருக்க வேண்டிய நாள் வந்தது. விடிய முதல் போத்தலைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பச்சை இருந்தது, ஆனால் வெளிறிய பச்சை. அடியில் ஏதோ மஞ்சளாய்க் கிடந்தது. ஊசியால் எடுத்து விரலில் வைத்துப் பார்த்தேன். வெந்தயம்.

அடுத்த போத்தலில் ஒரு துண்டு வெங்காயத் தோல். அதற்கடுத்ததில் இரண்டு சோற்றுப் பருக்கை, செமிக்காமல், முழுசாக.

என் புத்தியைப் பாருங்கள், நான் முதலில் சந்தேகப்பட்டது பண்ணையின் இரவுக் காவலாளியை. அவர் உப்புவெளிப் பக்கத்து ஆள், நெற்றியில் திருநீறு அழியாத சாந்தமான மனிதர். "தங்கச்சி, நான் அந்தத் தொட்டியள்ட பக்கம் போறதே இல்ல. மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்கட வீட்டில நோன்புக் கஞ்சி காய்ச்சுறேல்லையே" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமி வாளியோடு நின்றார். ஒளிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"ஓம், நான்தான் போட்டனான்."

"எப்ப இருந்து?"

"முதல் நோன்பில இருந்து."

"மாமி, ஏன்?"

"நோன்பு திறக்கேக்குள்ள எல்லாம் இந்தப் பக்கம் வந்து, வாயப் பாத்துக்கொண்டு நிக்குதுகள். பகல் முழுக்கப் பசிச்சிருந்த எனக்குத் தெரியும்தானே மகள் பசி. பாத்துக்கொண்டு நிக்கிற வாய்க்குக் குடுக்காம என்னெண்டு நான் விழுங்கிற?"

மீன்களுக்கு அது பசி இல்லை, ஆள் நிழலைக் கண்டால் தீவனம் வரும் என்ற பழக்கம். அதுகள் என் நிழலுக்கும் அப்படித்தான் வரும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற பொறுமை எனக்கு இல்லை. போத்தல்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் கவிழ்த்தேன். பிறகு கதிரையில் உட்கார்ந்து அழுதேன். நான் கோபம் வந்தால் கத்துகிறவள், அழுகிறவள் இல்லை. அது மாமிக்கும் தெரியும். அதனால்தான் அவர் பயந்துபோனார்.

"வயித்தில பிள்ள இரிக்கு, அழாதீங்க" என்றார். பிறகு மெதுவாக, "அவ்வளவு பிழையா மகள்?"

நான் மூக்கைச் சீறிவிட்டு விளங்கப்படுத்தினேன். மற்றவர்களுக்குச் சொல்கிற அதே கஞ்சி, அதே உப்பு. பானை எவ்வளவு வற்றியது என்று உப்பை வைத்துப் பார்க்கிறோம், தூள் கலக்காத சாப்பாடு இடையில் உள்ளே போனால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும் என்றேன். ஆயிரம் பேருக்குச் சமைத்தவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"அப்ப நான் வத்துற பானைக்குள்ள தண்ணி ஊத்திக்கொண்டு இருந்திருக்கன்" என்றார்.

என்னுடைய பேராசிரியையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். திருப்பி முதலிலிருந்து தொடங்கினால் பெருநாளைக்கு முன் ஒரு முறை மட்டும் சேகரிக்கலாம், அதிலும் தவறினால் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று பின்னேரம் மாமி நான் நிறுத்துக் கொடுத்ததை எண்ணிப் போட்டதுபோல் கவனமாகப் போட்டார். தொட்டிகளைத் துடைத்தார். பாங்கு சொல்ல நேரமானதும் தன் வாளியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு வெளியே போய், கம்பி வேலியோரம் ஒரு கல்லில், தொட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் குடாப் பக்கம் நுளம்பு மொய்த்துக் கடிக்கும். பாங்கு சொன்னது. மாமி பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோனார், பிறகு கையைத் தாழ்த்திவிட்டார். கொட்டிலுக்குள் மீன்கள் வெறும் கதிரையின் பக்கமாக வந்து நின்றுகொண்டு தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் வேலி வரைக்கும் கேட்கும்.

எனக்குக் கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை. ஆனாலும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் கூடப் படாமல் இருந்த மனுசி, ஒரு பேரீச்சம்பழத்தை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அஸருக்குப் பிறகு தீவனம் என்று யார் சொன்னது? நான்தான். ஏன்? சும்மா. வெயில் தாழ்ந்த நேரம் வசதி என்று. பின்னேரத் தீவனத்தை மகரிபுக்குத் தள்ளினால் மீனுக்கு என்ன, எனக்கு என்ன?

பேராசிரியையை மறுபடியும் கூப்பிட்டேன்.

"இப்ப ஏன் நேரத்த மாத்துறீங்க?" என்று கேட்டார்.

"இஞ்ச ஒரு ஆளுக்கு நோன்பு, மிஸ்."

அவர் சிரித்தார். "எல்லாத் தொட்டிக்கும் ஒரே நேரமெண்டா எனக்குப் பிரச்சின இல்ல. கடைசி வர மாத்தக் கூடாது, அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. துடைக்கிற வேலையெல்லாம் முன்னுக்கு முடியும். நிறுத்த தீவனம் கிண்ணங்களில் வரிசையாகக் காத்திருக்கும். பாங்கின் முதல் ஓசைக்கு மாமி எழும்பி, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொட்டி தொட்டியாகப் போட்டுக்கொண்டு போவார். தண்ணீர் கொதித்து அடங்கும். கடைசித் தொட்டியில் 'பெரிய மனிசன்' வாயை மூடிய பிறகுதான் மாமியின் வாய் திறக்கும். மிச்சத் தீவனத்தை எடுத்துப் போத்தலைக் கழுவி மாட்டுவது கஞ்சிக்குப் பிறகு. என் ஆய்வறிக்கையில் 'மாலைத் தீவனம் சூரியன் மறையும் வேளையில் இடப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. பரீட்சகர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒழுங்கையில் சொல்வதுபோல் முழுவதையும் சொல்லியிருப்பேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. நாங்கள் போடுவது அளவுத் தீவனம். கொடுவா அளவு தெரியாத மீன், தின்று முடித்துவிட்டு இன்னும் வருமா என்று அதே இடத்தில் நிற்கும். மாமி கஞ்சி குடிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கதைத்துக்கொண்டே இருப்பேன். அவருடைய கண் தொட்டிப் பக்கம் போனால் என்னுடைய கண்ணும் பின்னால் போகும். அவருக்கும் அது தெரியும். "இல்ல மகள், போடல்ல" என்பார்.

ஒரு கிழமை அப்படிப் போனது. சேகரிக்கத் தொடங்கிய முதல் நாள் விடிய, போத்தல்களில் நல்ல கரும்பச்சையாய் அடைந்திருந்தது. வெந்தயம் இல்லை, பருக்கை இல்லை. இன்னும் சில விடியல்கள் இப்படிக் கிடைத்தால் போதும் என்று மாமியிடம் சொன்னேன். அன்று மத்தியானம் எனக்குக் கண் இருட்டியது. கால் வீங்கியிருந்தது. கிளினிக்கில் பிரசரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டாம், வார்டில் படுங்கள் என்றார்கள்.

கட்டிலில் படுத்தபடி நான் நினைத்ததைச் சொன்னால் சரியான பொல்லாதவள் என்பீர்கள். பிள்ளைக்காகப் பயந்தேன், அது உண்மை. டாக்டர் வந்து பிள்ளை நன்றாக இருக்கிறது, பிரசர் இறங்கும் வரை அசையாமல் படுத்திருந்தால் போதும் என்ற பிறகு, அடுத்த நிமிடமே மனம் தொட்டிகளுக்கு ஓடிவிட்டது. நாளை விடியப் போத்தலை எடுக்காவிட்டால் மறுநாள் எடுத்து என்ன? இடையில் ஒரு நாள் தீவனம் தவறினால் எல்லாம் போய்விட்டது.

மாமி என் தலைமாட்டில் நின்றார். "நான் பாக்கிறன்" என்றார்.

"விடுங்க மாமி. கடைசிப் பத்து நோன்பு வருகுது, உங்களுக்கு ஓதுற நேரம். படிப்பு போனாப் போகட்டும்."

"ஓதுறத எங்கயிருந்தும் ஓதலாம். மீன் அங்கதான் இரிக்கு."

தனியாக அங்கே போவார். கிண்ணத்திலிருந்து தீவனம் போடுவார். தின்று முடித்ததுகள் மறுபடியும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கையில் கஞ்சி இருக்கும், பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். 'கஞ்சி மட்டும் போட்டிராதீங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன். ஏற்கனவே ஒருமுறை அழுது காட்டியாயிற்று.

அந்த நாட்களில் மாமி ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சுபஹு தொழுதுவிட்டு ஆட்டோவில் கொட்டிலுக்கு. போத்தல்களை எடுத்து உறைய வைத்து, காலைத் தீவனத்தைத் தானே நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சமைத்து, வார்டுக்கு. பின்னேரம் மறுபடியும் கொட்டில். மகரிபுக்குத் தீவனம் போட்டு, போத்தலை மாட்டிவிட்டு நேரே என்னிடம். என் கணவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்ட கஞ்சியை நான் நீட்டினால், "நான் அங்கயே திறந்திட்டன் மகள், நீங்க குடியுங்க" என்பார். என் காலை அமுக்கிப் பார்த்து, வீக்கம் குறைந்ததா என்று தாதியிடம் கேட்பார். மீன்களைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். "நல்லாத் திண்ணுதுகள். நல்லாப் போகுதுகள்." அவர் குரலில் களைப்புத் தெரிந்தது. நோன்புக் களைப்பு, அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

பெருநாளைக்குச் சில நாட்கள் இருக்கும்போது என்னை வீட்டுக்கு விட்டார்கள். வழியில் ஆட்டோவைக் கொட்டிலுக்குத் திருப்பச் சொன்னேன். மாமி வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. குளிரூட்டியைத் திறந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். எல்லாவற்றிலும் தொட்டி இலக்கமும் நாளும் மாமியின் உருண்டையான எழுத்தில் இருந்தன. எல்லாம் ஒரே கரும்பச்சை. ஒரு பருக்கை இல்லை, ஒரு வெந்தயம் இல்லை. நான் எவ்வளவு தேடினேன் என்பதை மாமி பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஆய்வுகூட முடிவு பெருநாளைக்கு நெடுநாள் பிந்தித்தான் வந்தது. ஒரே தீவனம் தின்ற தொட்டிகளின் எண்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. இவ்வளவு சுத்தமாக எப்படிச் சேர்த்தீர்கள் என்று பேராசிரியை கேட்டார். எள்ளுப் புண்ணாக்கைக் கொடுவா நான் ஆசைப்பட்ட அளவுக்குச் செமிக்கவில்லை, ஒதுக்கித் தள்ளுகிற அளவுக்கு மோசமாகவும் இல்லை. படிப்பு முடிந்தது. ஆனால் நான் சொல்ல வருவது அதை அல்ல, வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பின்னேரத்தை.

அன்று தொட்டிக்குத் தீவனம் தேவையில்லை. கடைசிப் போத்தலை விடியவே எடுத்தாயிற்று. அன்று காலை மீன்களைப் பண்ணைக்காரர் கூட்டுக்கு மாற்றிவிட்டார். நீண்ட நாளைக்குப் பிறகு மாமி வீட்டு மேசையில் நோன்பு திறந்தார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், பிறகு ஒரு கோப்பை கஞ்சி. அதை இறக்கி வைத்த வேகத்திலேயே இரண்டாவது. கட்லட் ஒன்று, இன்னொன்று. மற்றவர்களுக்குப் போட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் உட்காருகிற மனுசி, யாரையும் பார்க்காமல், தலை நிமிராமல் சாப்பிட்டார். அப்போதுதான் அவருடைய கையை நான் பார்த்தேன். வளையல் முழங்கைப் பக்கமாக வழுக்கிப் போயிருந்தது.

"மாமி, கொட்டில்ல நீங்க ஒழுங்காத் திறக்கல்லையா?" என்றேன்.

"திறந்தனான். தண்ணியால."

"கஞ்சி?"

"கொண்டு போகல்ல."

"நான் வார்டுக்குப் போன நாளில இருந்தா?"

"ஓம்."

"ஏன் மாமி?"

மாமி கோப்பையை மேசையில் வைத்தார். "கையில இருந்தாக் குடுத்திருவன் மகள். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்களும் பக்கத்தில இல்ல. அதான் வெறுங்கையாப் போனனான்."

"ஒரு பேரீச்சம்பழமாவது…"

"அதையும் அதுகள் திண்ணும்" என்றார், "கொடுவாதானே."

"வார்டுக்கு வந்தாப் பிறகு நான் தந்தனே. அதையும் வேணாமெண்டிட்டீங்க."

"நான் வாங்கிக் குடிச்சா, அங்க குடிக்கல்ல எண்டு விளங்கிருமே. பிறகு நீங்க கவலப்பட்டு பிரசர் ஏறினா?"

நான் எழும்பிப் போய்க் கஞ்சிப் பானையை மேசைக்குக் கொண்டுவந்தேன். பாரம் தூக்காதீங்க என்று மாமி சத்தம் போட்டார். அவருடைய கோப்பையை மூன்றாவது முறையும் நிறைத்தேன். எனக்கு என் உம்மாவின் மேல் கூட அப்படி ஓர் அன்பு வந்ததாக நினைவில்லை.

கட்டிலில் படுத்துக்கொண்டு, மாமி மீனுக்குக் கஞ்சி போடுகிறாரா என்று நான் பயந்துகொண்டிருந்த அத்தனை பின்னேரமும், அந்தக் கொட்டிலில் பசியோடு நின்றது மாமி மட்டும்தான்.